கொரோனா பணியும் களைத்த மனமும்: மருத்துவ மாணவர்களின் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள் (ஜூன் 2021)

நான் பயிற்சி மருத்துவர், வயது 23. கொரோனா வார்டில் பணி. முதலில் ஒவ்வொரு மரணத்துக்கும் அழுதேன். இப்போது எதுவும் தோன்றுவதில்லை. கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா? (வாசகி, மதுரை)

இல்லை. தாங்க முடியாத துயரத்தை நாள்தோறும் பார்க்க நேரும்போது, மனம் தன்னைக் காத்துக்கொள்ள உணர்ச்சிகளிலிருந்து விலகி நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வை ஒரு நோயாக அல்லாமல், நீடித்த பணி அழுத்தம் சரிவரக் கையாளப்படாததன் விளைவாகவே வரையறுத்துள்ளது. ஆற்றல் வற்றிய களைப்பு, பணியிலிருந்து மனம் விலகிப்போதல், எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது.

காரணம் பணிச்சூழலில் இருப்பதால் தீர்வையும் முதலில் அங்கேதான் தேட வேண்டும். மே 3 அன்று பிரதமர் அலுவலகம் முதுநிலை நீட் தேர்வைக் குறைந்தது நான்கு மாதங்களுக்குத் தள்ளிவைத்து, பயிற்சி மருத்துவர்களைக் கொரோனா பணியில் ஈடுபடுத்துவதாக அறிவித்தபோது, பேராசிரியர்களின் மேற்பார்வையில் என்றே கூறியது. எனவே, இறப்புச் செய்தியை உறவினரிடம் சொல்லும் பொறுப்பு உங்கள்மீது மட்டும் விழுமானால், மூத்த மருத்துவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று துறைத் தலைவரிடம் தயங்காமல் கேளுங்கள். டியூட்டி முடிந்து உறங்கி எழுந்த பிறகும், வீட்டில் பிடித்தவர்களுடன் இருக்கும்போதும் இதே வெறுமை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது மனநல மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவன். எல்லாமே ஆன்லைன் வகுப்பு. வேலையே செய்யாத எனக்கு ஏன் இவ்வளவு களைப்பு? (வாசகர், திருநெல்வேலி)

நோயாளியின் படுக்கையருகே நின்று கற்க வேண்டியதைத் திரையில் பார்த்துக்கொண்டு, தேர்வு எப்போது என்பதும் தெரியாமல் காத்திருப்பது உண்மையிலேயே களைப்பூட்டுவதுதான். நண்பர்கள் மூவர் சேர்ந்து வாரம் இருமுறை ஒரு நோயாளியின் வரலாற்றை எடுத்து விவாதியுங்கள். விடுபட்ட வார்டு அனுபவத்தை இது ஈடுசெய்யாது. ஆனால், கற்கிறோம் என்ற நம்பிக்கையை மீட்டுத்தரும்.

மனநல சிகிச்சை எடுத்தால் கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா? (வாசகி, சென்னை)

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் ஒப்புதலின்றி மருத்துவர் அவற்றை வெளியிடக் கூடாது. உங்கள் கல்லூரியின் மனநலத் துறை ஆசிரியரிடமே சிகிச்சைக்குச் செல்லத் தயக்கம் இருந்தால், வெளியே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

மகன் படிப்பையே விட்டுவிடுவேன் என்று அழுகிறான். கண்டிப்புடன் பேசலாமா? (ஒரு தாய், சேலம்)

வேண்டாம், அம்மா. 'இந்த சீட்டுக்கு எத்தனை பேர் ஏங்குகிறார்கள்' என்ற சொல், ஏற்கெனவே குற்ற உணர்வில் இருக்கும் பிள்ளையை வாயடைக்கச் செய்துவிடும். படிப்பைப் பற்றிய முடிவை இப்போது எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, அவன் உறங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. அவனைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவாக இருந்தால் தமிழக அரசின் 104 எண்ணுக்கு அழைக்கலாம்.