ரீஷூட்டா, பேட்ச் வொர்க்கா?

கேள்வி: ஜனவரியில் கிருஷ்ணகிரி பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் 12 நிமிடக் குறும்படம் எடுத்தோம். எடிட்டிங்கில் பார்த்தால், உச்சிவெயில் நேரத்தில் எடுத்த காட்சியில் நாயகியின் முகம் இருட்டு. வசனம் முழுக்கக் காற்றிரைச்சல். மே கடைசியில் அந்தக் காட்சியை முழுசாகத் திரும்ப எடுக்கலாமா?
- கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: முழுசாக ரீஷூட் வேண்டாம்; கெட்டுப்போன சில ஷாட்டை மட்டும் எடுத்து ஒட்டும் பேட்ச் வொர்க் போதும். மே மாதம் நீங்கள் போய் நிற்கப்போவது வேறு தோப்பு. ஜனவரியில் பூத்திருந்த மரத்தில் அப்போது பெங்களூரா காய் தொங்கும். வெயிலும் இடம் மாறியிருக்கும். நம் பக்கம் ஜனவரி நடுவில், உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் இருக்கும். ஐந்தடி ஆளுக்கு வடக்கே மூன்றடிக்குமேல் நிழல் விழும். ஏப்ரல் 23 வாக்கில் நேர் உச்சிக்கு வந்துவிட்டு, மே கடைசியில் வடக்கே தாண்டிவிடும். ஜனவரி மதியத்து உயரத்தில் சூரியன் வேண்டுமானால் மே மாதம் காலை 10 மணி சுமாருக்கு எடுக்கவேண்டும்; ஆனால் வெயில் கிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் தோப்பையும் சேர்த்துக் காட்டும் வைடு ஷாட் ஒட்டாது. க்ளோசப் ஒட்டும்: ஆளைத் திருப்பி நிறுத்தி, பழைய ஷாட்டில் எந்தக் கன்னத்தில் வெயில் பட்டதோ அதே கன்னத்தில் வாங்கலாம். பின்னால் காயில்லாத கிளையாகப் பார்த்து, அவுட் ஆஃப் ஃபோகஸில் விடுங்கள்.

சத்தத்துக்காகக் கேமராவைத் தூக்கவே வேண்டாம். பைலட் ட்ராக்கில், அதாவது ஷூட்டிங்கில் பதிவான குரலில், வார்த்தை புரிந்தால் போதும், டப்பிங் பேசிவிடலாம். ஃபேனை நிறுத்தி, சுவரோரம் மெத்தை, கம்பளி சாத்திய அறை, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, ரெக்கார்டிங் செட்டிங் 48 கிலோஹெர்ட்ஸ், உரத்த வார்த்தையும் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். நாலைந்து வார்த்தையாக வெட்டி, ஹெட்போனில் பழையதைக் கேட்டுக் கேட்டுப் பேசவையுங்கள். தோப்பு அட்மாஸ் (பின்னணிச் சத்தம்) இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்து அடியில் போடாவிட்டால், குரல் படத்தில் உட்காராமல் மிதக்கும்.

மிச்சம் முகம். முதலில் பழைய ஷாட்டையே கலர் கரெக்‌ஷனில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பினால்தான் அந்த ஷாட் போச்சு. அப்படிப் போனவற்றை டைம்லைனில் எடுத்துவிட்டு, அதே நீளத்துக்குக் கறுப்பு வைத்து, அதன்மேல் ‘இங்கே நாயகி க்ளோசப், இடப்பக்கம் பார்க்கிறாள்’ என்று எழுதி ஓட்டுங்கள். கதை தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால், சில கறுப்பு இல்லாமலே காட்சி புரிகிறது என்பது தெரியவரும். மீதியிருப்பதுதான் உங்கள் பேட்ச் வொர்க் பட்டியல். நாலைந்து ஷாட்டுக்குமேல் போனால் திரும்பவும் எடிட்டில் உட்காருங்கள்.

ஸ்பாட்டில் ஒவ்வொரு பழைய ஷாட்டின் ஸ்டில்லும் போனில் இருக்கவேண்டும். அதே லென்ஸ், அதே கேமரா உயரம், அதே பார்வைத் திசை, நிறம் மாறாமலிருக்க அதே வொயிட் பேலன்ஸ் எண். முகம் இருண்டதற்குக் காரணம் பெரும்பாலும் ஆட்டோ எக்ஸ்போஷர்: நிழலில் ஆள், பின்னால் வெயில், கேமரா வெயிலை அளந்து முகத்தைக் கைவிட்டுவிட்டது. இம்முறை முகத்தை அளந்து லாக் செய்யுங்கள். வெள்ளைத் தெர்மாகோலைக் கேமரா பக்கத்திலிருந்து முக உயரத்துக்குப் பிடியுங்கள். கீழேயிருந்து அடித்தால் பேய்ப்படம் ஆகிவிடும்.

கேள்வி: இரண்டு ஷாட்தான் பாக்கி. அதற்குள் ஹீரோ தாடியை எடுத்துவிட்டார். ஒட்டுத்தாடி சரிப்படுமா?
- வாசகி, ஊத்தங்கரை

பதில்: க்ளோசப்பில் ஒட்டிய பசை பளபளக்கும். தோளுக்குப் பின்னாலிருந்து, முகம் காட்டாமல், சஜஷனாக எடுக்க முடிகிறதா பாருங்கள். முடியாதென்றால் தாடி வளரும்வரை காத்திருங்கள். இனிமேல் படம் முடிகிறவரை முடி, தாடி, மோதிரம், கையில் கட்டிய கயிறு எதையும் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

கேள்வி: தர்மபுரியில் ஒரு டீக்கடையில் இரவில் எடுத்த காட்சியில் திரை முழுக்கக் கோடு ஓடுகிறது. திரும்ப எடுத்தாலும் அப்படியே வருமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: செட்டிங்கை மாற்றாவிட்டால் வரும். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். நீங்கள் விநாடிக்கு 30 ஃபிரேமில், ஷட்டர் (ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/60 விநாடியில் எடுத்திருப்பீர்கள். இந்தத் துடிப்போடு அது சேராது. 1/50 அல்லது 1/100 வையுங்கள். ஃபிரேம் ரேட்டை மட்டும் 25-க்கு மாற்றாதீர்கள். மிச்சப் படம் 30-ல் இருக்கும்போது இந்தக் காட்சியின் அசைவு மட்டும் தனியாகத் தெரியும். 1/100-க்குப் போனால் வெளிச்சம் முக்கால் ஸ்டாப் குறையும், ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) ஏற்றிச் சரிக்கட்டுங்கள். போனில் எடுப்பதானால் ஆட்டோவை விட்டு, ஷட்டரைக் கையால் வைக்கவிடும் ஆப் தேவை.

சில எல்இடி பல்பு எந்த ஷட்டருக்கும் மசியாது. நடிகர் வருமுன் பத்து விநாடி எடுத்து, வெள்ளைச் சுவர் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தெரிந்தால் கடைக்காரரிடம் கேட்டு அந்த ஒரு பல்பைக் கழற்றிவிடுங்கள். நடுவில் கரன்ட் போய் கடை இன்வெர்ட்டருக்கு மாறினால், அந்த வெளிச்சத்திலும் ஒருமுறை சோதித்த பிறகே அடுத்த டேக்.