4294967297 பகா எண்தானா? பேட்டன்ட் எடுக்கப் பணம் கட்டலாமா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன், 3, 5, 17, 257, 65537 வரிசையில் அடுத்து வரும் 4294967297-உம் பகா எண் என்கிறான். கணினியில் ஒரு சோதனையும் செய்து காட்டினான். இதற்கு பேட்டன்ட் வாங்கி, ஆராய்ச்சி இதழிலும் போட்டுத் தர 15,000 ரூபாய் கேட்கிறார் ஓர் ஏஜென்ட். குறுவைச் செலவுக்கு வைத்திருக்கும் பணம் அது. கொடுக்கலாமா?
– ஒரு தாய், மன்னார்குடி அருகே.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடும். 641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அதே எண் வரும்.

உங்கள் மகன் சாதாரண இடத்தில் வழுக்கவில்லை. இந்த வரிசை (ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண்) முழுக்கப் பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர்தான் 641-ஐக் கண்டுபிடித்துக் காட்டினார். 65537-க்கு மேல் இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை சிக்கவில்லை.

மகன் செய்த சோதனை எது என்று ஊகிக்க முடிகிறது. எண்ணில் ஒன்றைக் குறைத்து, அத்தனை முறை 2-ஐப் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. 2-ஐத் தவிர எல்லாப் பகா எண்ணுக்கும் 1 வரும். ஆனால் 1 வந்ததெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 341-க்கும் 1 வரும், அது 11 பெருக்கல் 31. மகனின் எண்ணுக்கும் 1 வரும்! மீதி வேறாக வந்தால் பகா எண் இல்லை என்பது உறுதி. 1 வந்தால் எதுவும் உறுதியில்லை. இதைச் சொல்லித்தர நம் பாடத்திட்டத்தில் நேரமில்லை. 72-ஐக் காரணிப்படுத்தினால் மார்க், அதோடு சரி. கேள்வி கேட்கிற பிள்ளை இப்படித்தான் ஏஜென்ட் கையில் போய் விழுகிறது.

அந்த ஏஜென்ட் சொல்வது சுத்தப் பொய். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 3(கே) பிரிவின்படி, கணித முறைக்கு இந்தியாவில் பேட்டன்டே கிடையாது. எண்ணுக்கு எங்கிருந்து கிடைக்கும்? மதிப்புள்ள கணித இதழ்கள் பல, எழுதியவரிடம் காசு வாங்குவதே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி இதழ்கள்தான் இவர்களுடைய பிழைப்பு. ராமானுஜன் வளர்ந்த மண் என்று பேச்சை ஆரம்பித்தால் இன்னும் உஷாராக இருங்கள்; டெல்டாப் பெற்றோரிடம் அந்தப் பெயர் உடனே வேலை செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியிலோ திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலோ ஒரு கணித ஆசிரியரிடம் நோட்டைக் காட்டட்டும். அதுவரை, வரிசையின் அடுத்த எண்ணான 18446744073709551617-ஐ 274177-ஆல் வகுத்துப் பார்க்கட்டும். காகிதத்தில் செய்யட்டும், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதைச் சுழியாக்கிவிடும்.