4 லட்சம் என்று நிரப்பப்பட்ட செக்: ஆசிரியையைக் காப்பாற்றப்போவது 7,500 ரூபாய்

கேள்வி: தனியார் மெட்ரிக் பள்ளியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,000. மே மாதம் அதுவும் கிடையாது. வாடகை 6,500. டியூஷன் எடுத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. அம்மாவின் ஆபரேஷனுக்காக 2023-ல் தெரிந்த ஒருவரிடம் 1,50,000 ரூபாய் ரொக்கமாக, அஞ்சு வட்டிக்கு வாங்கினேன். கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கும் ஒரு புரோநோட்டும் கொடுத்தேன். மாதம் 7,500 வீதம் 20 மாதம் அவர் மனைவியின் கூகுள் பே எண்ணுக்கு அனுப்பினேன். அப்புறம் முடியவில்லை. இப்போது ஒரு செக்கில் 4,00,000 என்று எழுதி பேங்கில் போட்டு, அது திரும்பியதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நோட்டீஸ் வந்து ஆறு நாள் ஆகிறது. பள்ளி நிர்வாகம் நியாயமான சம்பளம் கொடுத்திருந்தால் எனக்கு இந்த நிலை வந்திருக்குமா? 20,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கடன் செல்லாது என்கிறார்களே? கந்துவட்டிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: பள்ளி மீது உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்த வழக்கில் பள்ளிக்கு இடமே இல்லை. நீதிமன்றம் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்வி: செக்கை பேங்கில் போட்ட அன்று, நீங்கள் சட்டப்படி தர வேண்டிய கடன் 4,00,000 ரூபாயா?

கையெழுத்து உங்களுடையது. மற்றதை யார் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்த செக் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். உச்ச நீதிமன்றம் 2019-ல் பீர் சிங் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த அனுமானத்தை உடைக்க வேண்டியது நீங்கள்தான். அதற்காகச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

அதற்கு உங்கள் கையில் இருப்பது அந்த 7,500. ஒன்றரை லட்சத்துக்கு மாதம் ஐந்து சதவீதம் என்றால் சரியாக 7,500 வருகிறது. நாலு லட்சத்துக்கு அது இரண்டு வட்டிகூட ஆகாது. 20 மாதம் ஒரே தொகை போயிருப்பதே கடன் எவ்வளவு என்று சொல்லிவிடும். பேங்க் ஸ்டேட்மென்ட்டை இன்றே எடுத்துவிடுங்கள். "இந்த மாச வட்டி அனுப்பிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) கேட்கும் 63-வது பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். மனைவிக்கு வந்தது சீட்டுப் பணம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதற்குப் பதில் அந்த மெசேஜ்தான்.

ரொக்கக் கடன் செல்லாது என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். அது வருமான வரி அபராதத்துக்கு வழி செய்யுமே தவிர, கடனைச் செல்லாததாக்காது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது.

இப்போது நான் உண்மையாகவே பயப்படும் இடத்துக்கு வருகிறேன். பதில் நோட்டீஸில், "இவரிடம் கடனே வாங்கவில்லை, செக் தொலைந்துபோனது" என்று எழுதலாம் என யாராவது உங்களிடம் சொல்வார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். நல்ல வழக்கு கையில் இருந்தும் இந்த ஒரு வரியால் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கூண்டில் ஏறியதும் முதல் கேள்வி, "தொலைந்த செக்குக்குப் போலீஸில் புகார் கொடுத்தீர்களா? பேங்குக்கு எழுதினீர்களா?" அடுத்தது, "கடனே இல்லை என்றால் மாதா மாதம் 7,500 எதற்கு?" உங்களைக் காப்பாற்ற வேண்டிய எண் அங்கே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். அதற்கு மேல் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதன் மறுபக்கம், பதிலே போடாமல் அவருக்கு போன் செய்து அழுவது. "அண்ணா, கொஞ்சம் டைம் கொடுங்க, மொத்தத்தையும் கொடுத்துடுறேன்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும், நாலு லட்சத்தை ஒப்புக்கொண்டதாக அதையே தாக்கல் செய்வார்கள். உங்கள் கஷ்டத்தைப் பதில் நோட்டீஸில் பக்கம் பக்கமாக எழுதினாலும் பயனில்லை. பணத்துக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதைத்தான் அது காட்டும். வாங்கியது இவ்வளவு, அனுப்பியது இவ்வளவு, செக் வெறுமையாகக் கொடுத்தது, மீதியை அவர் நிரப்பியது. நாலே விஷயம்.

கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீங்கள் புகார் கொடுக்கலாம். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு கொடுக்கும் புகாரை, செக் வழக்குக்குப் பயந்து போட்டது என்பார்கள். அந்தப் புகாரால், செக் திரும்பியதற்காக 138-வது பிரிவில் போடும் வழக்கு நிற்கவும் நிற்காது. சம்மன் வந்தால் வாங்கிக்கொண்டு நேரில் போங்கள். போகாமல் விட்டு, பிடிவாரண்டோடு காவலர் பள்ளி ஆபீஸ் வாசலில் வந்து நின்றால், தனியார் பள்ளியில் உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் யோசனை சமரசம்தான். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். நடுவிலேயே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லி உத்தரவு வரலாம். நாலு லட்சத்துக்கு அது 80,000, உங்களுடைய ஐந்து மாதச் சம்பளம். எவ்வளவு வட்டி கட்டினாலும் அசல் அப்படியே நிற்கிறது என்றுதான் அவர் வாதாடுவார். அதனால் உறுதியான பதில் நோட்டீஸ் ஒன்றை முதலில் அனுப்பிவிட்டு, ஒன்றரை லட்சத்துக்குக் கீழே பேச ஆரம்பியுங்கள். வழக்கு போட்டுவிட்டால் லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம்.

பேசி முடித்த தவணைக்கு மட்டும் புதிதாகச் செக் கொடுக்காதீர்கள். அது திரும்பினால் அதற்குத் தனியாக ஒரு வழக்கு வரும். தவணையை உங்கள் சம்பளத்துக்குள் வையுங்கள், மே மாதத்துக்குத் தவணை கூடாது. "இன்னொரு செக்கும் புரோநோட்டும் வீட்டில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன்" என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டும் உங்கள் கைக்கு வந்த பிறகே முதல் தவணை.

நோட்டீஸ் கிடைத்ததும் பணம் கட்டச் சட்டம் தரும் 15 நாள் கெடுவில் ஆறு நாள் போய்விட்டது. பதில் நோட்டீஸ் இந்த வாரமே, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் போகட்டும்.