கல்வெட்டுக்கு மாவு பூசலாமா?

எல்லையோர ஊர்களிலிருந்து தொல்லியல் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

எங்கள் ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருக்கிறது. எழுத்து மங்கல். தமிழா தெலுங்கா என்று ஊரில் வாக்குவாதம். மைதா பூசினால் பளிச்சென்று தெரியும் என்கிறார்கள். செய்யலாமா? மசிப்படி (எழுத்தைத் தாளில் மையால் பதிவெடுப்பது) எடுப்பது எப்படி?
– வாசகர், பலமனேர்

மாவு வேண்டவே வேண்டாம். அது கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். ஒரு மழை பெய்தால் பூஞ்சணம் பிடிக்கும். சாக்பீசால் எழுத்தின் மேலேயே எழுதிப் பார்ப்பது அதைவிட மோசம். நீங்கள் எதை எழுத்து என்று நினைத்தீர்களோ அதுதான் போட்டோவில் விழும்; கல்லில் இருப்பது விழாது.

முதலில் செலவில்லாத வழி. இருட்டியபின் போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், எழுத்துள்ள பரப்பை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என மூன்று படமாவது எடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் மறையும் கோடு மறுபக்க வெளிச்சத்தில் தெரியும். பாதி சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும்.

மசிப்படிக்கு, வழிபாட்டில் உள்ள கல்லென்றால் பூசாரியிடமும் ஊராரிடமும் கேளுங்கள்; பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் தொல்லியல் துறை அனுமதி தேவை. எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் மென்மையான பிரஷும் கொண்டு எடுக்கலாம். எழுத்துக்குள் இறுகிய குங்குமத்துக்கு மூங்கில் சிம்பு போதும். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் கூடாது. பிறகு, நனைத்த தாளைக் கல்லின் மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழியைத் தள்ளுங்கள். அடர்ந்த முடியுள்ள பிரஷால் நேராகத் தட்டினால் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும். தேய்த்தால் கிழியும். தாள் முக்கால்வாசி காய்ந்ததும், விளக்குக் கரியும் பிசினும் கலந்த மையைத் துணிப்பந்தால் லேசாக ஒற்றுங்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரத்தோடு ஒற்றினால் மை ஊறிக் கல்லுக்கே போய்விடும். முழுக்கக் காயவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பும். காற்றடிக்கும் நாளில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஊர் வாக்குவாதத்துக்கு: சித்தூர்ப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் நடுகற்கள் உண்டு. தமிழென்றாலும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவமாக இருக்கலாம். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இருக்காது, கொ–கோ வேறுபாடும் இருக்காது. அவசரப்பட்டுப் படிக்காதீர்கள்.

முனியறைகளுக்கு (பழங்காலக் கற்பலகை ஈமச்சின்னங்கள்) பக்கத்தில் எங்கள் கரும்புத் தோட்டம். உழும்போது பெரிய பானையின் வாய் தெரிந்தது. மண்ணை மூடிவிட்டோம். அடுத்து என்ன செய்வது?
– வாசகி, மறையூர்

மூடியதுதான் சரி. இறந்தோரை அடக்கம் செய்த பானையை நாம் முதுமக்கள் தாழி என்பதும் மலையாளத்தில் நன்னங்காடி என்பதும் ஒன்றே. உங்கள் பானை அதுவாக இருக்கலாம். விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் கட்டாயம் உடையும்: உள்ளே நிறைந்த மண்ணின் எடை, வெளியே வேர் துளைத்த விரிசல். உள்ளே இரும்புப் பொருள் இருந்தால், ஈரத்தில் கிடந்த அது திடீரென வெயிலில் காய்ந்தால் செதில் செதிலாக உதிரும். எலும்பு மாவுபோலத் தெரிந்தால் ஆச்சரியமில்லை, அமில மண் அதைத் தின்றிருக்கும்.

அடையாளத்துக்கு ஒரு குச்சி நடுங்கள். பக்கத்தில் அளவுகோலோ பேனாவோ வைத்து எடுத்த படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். போனில் இடக்குறிப்பையும் சேமியுங்கள். கிராம அலுவலகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கேரளத்தில் 1968-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது, மறைத்தால் வீண் தொல்லை. தாழி கிடைத்ததாலேயே நிலம் பறிபோகாது. மத்திய அரசு முறைப்படி அறிவித்த சின்னமென்றால்தான் சுற்றி 100 மீட்டரில் கட்டடத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டரில் கட்டுப்பாடும் வரும்.

நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து தோண்டிப் பார்க்கலாமா?
– வாசகர், குப்பம்

கூடாது. உரிமம் இல்லாமல் தோண்டுவது அகழாய்வாகாது, குற்றமாகும். மேற்பரப்பில் தெரிவதைப் படமெடுத்துப் பட்டியலிடுங்கள். அதுவே பெரிய உதவி.

கீழடிக்கு 2,600 வருடம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580 என்று வந்தது. உயிருள்ளவரை மரம் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை உள்வாங்கும். இறந்தபின் அது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மீதி எவ்வளவு என்று அளப்பதுதான் வேலை. இப்போதைய கருவிக்குச் சில மில்லிகிராம் கரி போதும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் குழியில்தான். வெறும் கையால் தொட்டால் வியர்வை, எண்ணெய் எல்லாம் புதிய கார்பன். பஞ்சில் சுற்றினாலும் அதே கதை. கரண்டி நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து, குழி எண், மண்ணடுக்கு, ஆழம் எழுத வேண்டும். உள்ளே நுழைந்த சல்லிவேரைக் கவனிக்காவிட்டால் வயது குறைந்து வரும். பழைய உத்திரத்தின் வைரக்கட்டை எரிந்த கரியென்றால் வயது கூடும், ஏனென்றால் அந்த உள்வளையம் மரம் வெட்டப்படுவதற்கு முன்பே செத்தது. அதனால்தான் ஒரே போகத்தில் விளைந்த நெல்லை விரும்புகிறோம். தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று வந்தது.

இன்னொரு சிக்கல்: அளவீட்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைகோடு கி.மு. 800–400 இடையே கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. அங்கே ஒற்றைக் கரித்துண்டு நூற்றாண்டுக் கணக்கில் இழுபடும். ஒரே தேதியை வைத்துச் சண்டை போடுவோர் இதைப் பேசுவதில்லை.

பி.எஸ்சி. முடிக்கப்போகிறேன். தொல்லியலுக்கு வரலாமா? வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்கிறார்.
– மாணவி, நகரி

அப்பாவின் கவலை நியாயம். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. ஒப்பந்த ஊழியராகச் சில ஆண்டுகள் ஓடும். முதலில் முதுகலை. உங்களுக்குப் பக்கத்தில் திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழகம், வெளியே போனால் சென்னைப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி. அதன்பின் கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறையின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. 2020 அறிவிப்பில் தகுதி மொழிகளில் தமிழை விட்டுவிட்டு, எதிர்ப்புக்குப் பின் தமிழ், தெலுங்கு, மலையாளத்தையெல்லாம் சேர்த்தார்கள். தமிழும் தெலுங்கும் படிக்கத் தெரிந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம்.

வேலை எப்படியிருக்கும்? 10 மீட்டர் சதுரத்தை நான்கு 5 மீட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நாற்புறமும் 50 செ.மீ. விட்டு, 4க்கு 4 குழி தோண்டுவது வழக்கம். மூலைமட்டம் பார்க்க டேப்பில் 3-4-5 முக்கோணக் கணக்கு. விட்ட சுவர்தான் மண்ணடுக்குக்குச் சாட்சி. அதன் விளிம்பில் யாராவது ஏறி நின்றால் சாட்சி சரிந்தது. பிற்காலத்தில் வெட்டிய குப்பைக்குழியின் மண் நிறமாற்றத்தைக் கவனிக்காமல் தோண்டினால், மேலடுக்குக் காசு கீழடுக்குப் பொருளோடு கலந்துவிடும். அந்தப் பிழையைப் பிறகு திருத்த வழியில்லை.

இப்போதே பழக வேண்டியது பானை வரைதல். விளிம்பு ஓடு ஒன்றை எடுத்து, வாய் கீழாக மேசையில் கவிழ்த்து, இடுக்கில் வெளிச்சம் தெரியாதவரை சாய்வைச் சரிசெய்யுங்கள். அதே சாய்வில், தாளில் வரைந்த வட்டங்களின் மேல் நகர்த்தி, எந்த வட்டத்தோடு பொருந்துகிறதோ அதுதான் வாயின் விட்டம். ஓடு மிகச் சிறிதென்றால் இரண்டு மூன்று வட்டங்களோடு பொருந்துவதுபோலத் தோன்றும்; அப்போது விட்டம் எழுதாமல் விடுங்கள். பழகுவதற்குப் பழைய ஓடு தேட வேண்டாம், உடைந்த மண்சட்டி போதும்.