மனைவியின் மதமா, பிள்ளையின் மதமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கத்தோலிக்கப் பெண்ணை மணந்ததால்தான் இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் 1688-ல் முடியிழந்தார் என்று படித்தேன். அவருடைய மகன் அரசி பெற்ற பிள்ளையே அல்ல, படுக்கையைச் சூடேற்றும் பாத்திரத்தில் ஒளித்துக் கொண்டுவரப்பட்டவன் என்கிறார்களே, உண்மையா? எனக்கென்னவோ மதம் வெறும் சாக்கு, எல்லாம் பதவிச் சண்டை என்றே படுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாத்திரக் கதை புளுகு. பிரசவ அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்த அக்டோபரில் 40க்கும் மேற்பட்டோர் அரசவையில் சாட்சியும் சொன்னார்கள். அதை விடுங்கள்.

மனைவியின் மதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜேம்ஸின் அண்ணன் இரண்டாம் சார்ல்ஸ் மணந்த கேத்தரீனும் கத்தோலிக்கர்தான். பம்பாய் அவர் கொண்டுவந்த சீதனம். முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் சார்ல்ஸ் சாகும்வரை அரசர். கேத்தரீனுக்குப் பிள்ளை இல்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளையை எந்த மதத்தில் வளர்ப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஜேம்ஸ் கத்தோலிக்கரான பிறகும், முதல் மனைவிக்குப் பிறந்த மேரியையும் ஆனையும் புராட்டஸ்டன்டாகவே வளர்க்கவேண்டும் என்றார் சார்ல்ஸ். வேதம் சொல்லிக்கொடுத்தவர் ஹென்றி காம்ப்டன், பின்னாளில் லண்டன் பிஷப். 1677-ல் மேரிக்கும் நெதர்லாந்தின் புராட்டஸ்டன்ட் தலைவர் ஆரஞ்சு வில்லியத்துக்கும் மணம் நடத்திவைத்தவரும் அவரே. 1685-ல் முடிசூடும்போது ஜேம்ஸுக்கு 51 வயது. இவருக்குப் பின் மேரி வருவாள் என்று நாடு பொறுத்துக்கொண்டது. 1688 ஜூன் 10 அன்று இரண்டாம் மனைவி, மொடீனாவின் மேரி, ஆண் பிள்ளை பெற்றார். தம்பி பிறந்தால் அக்காள்கள் பின்னுக்குப் போவார்கள். அதுதான் அன்றைய முறை. இருபதே நாளில், ஜூன் 30, வில்லியத்தைப் படையோடு அழைக்கும் கடிதத்தில் ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். அதில் ஒருவர் காம்ப்டன். வில்லியம் வந்தார், ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். 1689 ஏப்ரலில் வில்லியம்-மேரி தம்பதிக்கு முடிசூட்டியதும் அவர் கைதான். அவரிடம் பாடம் கேட்ட சிறுமி அரசியானாள்.

மதம் சாக்கு என்று எழுதியதற்கு உங்களைக் கடிந்துகொள்ளவே வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குரு, ஆர்ச்பிஷப் சான்கிராஃப்டை எங்கே வைப்பீர்கள்? கத்தோலிக்கருக்கும் மற்றவர்களுக்கும் வழிபாட்டுச் சலுகை தந்த ஜேம்ஸின் ஆணையைத் தேவாலயங்களில் வாசிக்கமுடியாது என்று லண்டன் டவர் கோட்டைச் சிறைக்குப் போனவர் அவர். அதே ஜேம்ஸுக்குச் செய்த சத்தியத்தை மீறமாட்டேன் என்று வில்லியத்துக்கு முடிசூட்ட மறுத்தார், பதவியையும் இழந்தார். பதவிச் சண்டை போடுகிறவர் செய்யும் காரியமா இது? அவசரப்பட்டு மனிதர்களைச் சிறுமைப்படுத்தாதீர்கள். உங்கள் வயதில் எல்லாவற்றுக்கும் பின்னால் சூழ்ச்சி தெரியும், அது சரியாகிவிடும்.

கத்தோலிக்கர் ஆளமுடியாது, கத்தோலிக்கரை மணந்தவரும் ஆளமுடியாது என்று 1689-ல் சட்டம் வந்தது. 1701-ல் இன்னொரு சட்டம், ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க உறவினரைத் தாண்டி ஹனோவரின் சோஃபியாவிடமும் அவருடைய புராட்டஸ்டன்ட் வாரிசுகளிடமும் உரிமையைக் கொடுத்தது. 2013-ன் சட்டம், 2015-ல் நடைமுறைக்கு வந்தது, மதத் தடைகளில் திருமணத் தடையை மட்டும் நீக்கியது. இளவரசர் இன்று கத்தோலிக்கப் பெண்ணை மணக்கலாம். பிறக்கும் குழந்தை கத்தோலிக்கராக வளர்ந்தால் அரியணை அதற்கு இல்லை.