பழைய ஹெரால்டு: என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஷெட்டில் 1969-ஆம் வருடத்து நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஓடவில்லை. வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டார். மகன் இரண்டரை லட்சம் கேட்கிறார். நான் கூட்டிப்போன மெக்கானிக், "எஞ்சின் ஜாம். ஒரு லட்சமாவது இழுக்கும்" என்கிறார். விலையைக் குறைத்துக் கேட்கலாமா, விட்டுவிடலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: விலையைக் குறைக்க எஞ்சினைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பதை எஞ்சினை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹெரால்டில் எஞ்சின்தான் சுலபமான சமாச்சாரம்.

இது 1959-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இதை இங்கே தயாரித்தது. எஞ்சின் 948 சிசி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினை வைத்துச் செய்யப்பட்டதுதான். அதை ஆசையாக வைத்திருப்பவர்கள் ஏராளம் என்பதால் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், சஸ்பென்ஷன் சாமான் எல்லாம் பிரிட்டனில் இன்றும் புதிதாக வருகின்றன. கூரியரும் கஸ்டம்ஸ் வரியும் கையைக் கடிக்கும். ஆனாலும் சாமான் கிடைக்கும்.

நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டும் வந்தது. அதனால் அதன் பின்கதவு, பின்கதவுக் கண்ணாடி, அதன் ரப்பர், பீடிங் எனும் ஓரப்பட்டை இவற்றை யாரும் செய்வதில்லை. சென்னையில் பழைய சாமான் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம். அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். அதை நம்பி பணம் போட முடியாது. எனவே வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் என்ன இல்லை என்று பார்த்து எழுதுங்கள். ஒரு பின்கதவுக் கண்ணாடி காணாமல் போயிருப்பது ஜாம் ஆன எஞ்சினைவிடப் பெரிய ஓட்டை.

அடுத்து சேஸிஸ். அம்பாசிடர், ஃபியட் போல பாடியே சேஸிஸாக இருக்கும் வண்டி இல்லை இது. தனிச் சேஸிஸ், அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சேஸிஸிலிருந்து இரு பக்கமும் நீளும் தாங்கு சட்டங்கள்தான் பாடியின் எடையை வாங்குகின்றன. துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். கதவை மூடி இடுக்கைப் பாருங்கள். மேலே விரல் நுழைகிற மாதிரியும் கீழே ஒட்டியும் இருந்தால் சட்டம் இற்றுப் பாடி தொய்ந்திருக்கலாம். அப்புறம் கீழே படுத்து, சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும். இற்றது தொப்பென்று கேட்கும். கதவுக்கு அடியில் ஓடும் தகட்டில், மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். பிடிக்காமல் நழுவினால் இரும்புக்குப் பதில் பட்டி (புட்டி) அப்பியிருக்கிறது.

முன்சக்கரத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, பழைய ஹெரால்டு ஆட்களுக்கே தெரியும். பானெட் முழுதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் என்பதால் நின்றபடியே பார்க்கலாம். சக்கரம் திரும்பும் முளை கீழ்முனையில் மரையோடு ஒரு பித்தளைக் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். டிரன்னியன் என்பார்கள். அதற்குள் போக வேண்டியது கியர் ஆயில். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் கிரீஸ் துப்பாக்கிதான். கிரீஸ் இறுகிப்போய் மரை காய்ந்து அரித்தால், ஒருநாள் முளை முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்கும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பிரேக் சிலிண்டர், ஹோஸ், பெட்ரோல் குழாய் எல்லாம் அப்படித்தான். இத்தனை வருட ரப்பரில் நல்லது கெட்டது பார்க்க ஒன்றுமில்லை. இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது.

எஞ்சினுக்கும் ஒரு வார்த்தை. பேட்டரி வைத்து ஸ்டார்ட்டரை அழுத்த விடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறட்டும். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பல எஞ்சின்கள் இதிலேயே இளகிவிடும். இளகினால், ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அது முன்னுக்கு நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பிளாக்கையே தின்றுவிடும்.

இனி விலை. ஓடுகிற, பேப்பர் சரியான ஹெரால்டு ஒன்று கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கிற விலை, வாங்கின விலை இல்லை. அதிலிருந்து டிங்கரிங், பெயின்ட், குரோம், சீட், வயரிங், எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்டுக் கழியுங்கள். டிங்கரிங்கும் பெயின்டும்தான் பெரிய தொகையாக நிற்கும். அந்தச் செலவின் மொத்தத்தோடு இன்னும் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, அதைக் கழியுங்கள். பழைய வண்டியைப் பிரித்தால் புதுச் செலவு முளைக்காமல் இருக்காது. மிஞ்சுவதுதான் ஷெட்டில் நிற்கும் வண்டியின் விலை. பல சமயம் ஒன்றும் மிஞ்சாது. அதற்கு மேல் கொடுப்பது ஆசைக்கு, அதற்கு நான் கணக்கு சொல்ல முடியாது. கண்ணாடிகள் முழுசாக இருந்து, சேஸிஸும் கணீர் என்றால் பேரத்துக்கு உட்காருங்கள். இரண்டரை லட்சத்துக்கு அல்ல.

கேள்வி: அதே வண்டியின் ஆர்.சி. பழைய புத்தகமாக, பெரியவர் பெயரிலேயே இருக்கிறது. வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் மகன்.

பதில்: வேண்டாம். முதலில் அவர் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றட்டும். பிறகு படிவம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு. மற்ற வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்; வண்டி பளபளத்த பிறகு பங்குக்கு வருபவர்கள் உண்டு. புத்தக ஆர்.சி. பல சமயம் ஆன்லைன் பதிவில் ஏறியிருக்காது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை ஏற்றச் சொல்ல வேண்டும். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள்; எஞ்சின் நம்பரையும்.

1969 வண்டி என்பதால் இன்னொரு வழி இருக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அடுத்த முறைக்கு 5,000. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. யாராவது டீசல் எஞ்சின் மாட்டியிருந்தால் இந்தக் கதவு மூடிவிட்டது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. அப்படி ஓட்ட ஆசை இருந்தால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்ட வேண்டியதுதான்.

கேள்வி: "ஃபுல் ரெஸ்டோர்" செய்த 1986 பிரீமியர் பத்மினி ஒன்று ஏஜென்ட் காட்டினார். ஷோரூம் மாதிரி மின்னுகிறது. நம்பலாமா?

பதில்: பெயின்டைச் சுரண்டி வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவர் போனில் நூறு படம் வைத்திருப்பார். படமே இல்லை, அடியில் புதுக் கறுப்புப் பூச்சு மட்டும் தடிமனாக இருக்கிறது என்றால், துருவை மூடி வைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சொல்லாமல் போய் பானெட்டில் கை வையுங்கள். முன்கூட்டியே சூடேற்றியிருந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லி இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.