ஓடுவதும் நடத்துவதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிப் பெண். கணவரின் வேலை காரணமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் எல்லாம் நம் முகம், நம் பெயர், நம் கோயில். வாயைத் திறந்தால் மட்டும் ஆங்கிலம். பள்ளி முதல் கல்லூரி வரை தமிழ்வழியில் படித்த எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தேர்வு போலக் கழிகிறது.

என்னை அதிகம் படுத்துவது ‘ரன்’ என்ற ஒரே சொல். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருநாள் மதிலுக்கு மேலே எட்டி, ‘தனியா ரன் அவுட்’ என்றார். எதுவோ வெளியே ஓடிவிட்டது என்று நான் கேட் வரை போய்ப் பார்த்தேன். கொத்தமல்லி தீர்ந்துவிட்டதாம். சென்ற மாதம் அவர் மகள் வந்து, உங்கள் கணவரை நேற்று ‘ரன் இன்டு’ செய்தேன் என்றாள். காரில் மோதிவிட்டாள் என்றே நினைத்தேன். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பெவிலியன் கடைத்தொகுதியில் எதேச்சையாகப் பார்த்தாளாம்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு இந்தச் சொல்லின் பொருள்களை எழுதி வருகிறேன். முப்பத்தெட்டு வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் இன்னும் புதிதாக ஒன்றைத் தினமும் கொண்டுவருகிறான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் ஒழுங்காக இருக்கிறது. ஆங்கிலம் ஏன் இப்படி ஒரே சொல்லைப் போட்டு அடிக்கிறது? இதை மனப்பாடம் செய்ய வழி ஏதும் உண்டா? கடைசியாக ஒன்று: கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அன்று அந்தப் பெண்ணிடம் சொல்லத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன்.

ம., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள ம.,

நோட்டுப் புத்தகத்தை மூடி வையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக இந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக வரும்போது மட்டும் அதற்கு அவர் பிரித்துக் காட்டிய பொருள்கள் 645. அதே அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் எல்லாவற்றிலும் நீளமாக இருந்தது. இப்போது ‘ரன்’ அதைத் தாண்டிவிட்டது. பட்டியல் போட்டு இதைப் பிடிக்க முடியாது. ஆங்கிலேயர்களும் பட்டியல் போட்டுப் படித்ததில்லை.

தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உங்கள் கடிதத்திலேயே ‘ஒரே சொல்லைப் போட்டு அடிக்கிறது’ என்று இருக்கிறது. அங்கே யாரும் எதையும் கீழே போடவில்லை, யாரும் யாரையும் அடிக்கவும் இல்லை. நமக்கு வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், தலையை மொட்டை அடிக்கிறோம், கூடாரம் அடிக்கிறோம், ஒருவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. நம் ஊர் ஜூலுப் பெண் ஒருத்தி தமிழ் படிக்கத் தொடங்கினால் இதே கடிதத்தை எனக்கு எழுதுவாள்.

‘ஓடு’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. ஆறு ஓடுகிறது, அது சிறிதாக இருந்தால் அதற்குப் பெயரே ஓடை. தண்ணீரில் போவதால் ஓடம். படம் நூறு நாள் ஓடுகிறது. வேர் சுவருக்கு அடியில் ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடுகிறது. இரவெல்லாம் மனத்தில் ஏதோ ஓடுகிறது, பகலில் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. இவற்றில் எதற்காவது காலிருக்கிறதா? நீங்கள் ஐந்து வயதுக்குள் இவை அத்தனையையும் நோட்டுப் புத்தகம் இல்லாமல் கற்றுக்கொண்டீர்கள். நிற்காமல் ஒரு போக்கில் போவது என்ற ஒரே படம் உங்களுக்குள் பதிந்துவிட்டது, மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தன.

ஆங்கிலச் சொல்லுக்கு அடியிலும் கிட்டத்தட்ட இதே படம்தான் இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலேயே தண்ணீர் ஓடுவதும் மனிதன் ஓடுவதும் ஒரே சொல்லில் வந்தன. அதன் உறவுச் சொல்லான ஜெர்மானிய ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிவதைத்தான் சொல்கிறது. ஆகவே ‘ரன்’ என்று காதில் விழுந்ததும் கால்களை நினைக்காதீர்கள், தண்ணீரை நினையுங்கள். குழாயில் தண்ணீர், ஜலதோஷத்தில் மூக்கு, துவைக்கும்போது போகும் சாயம், சுவருக்குள் போகும் மின்கம்பி, டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் சாலை: எல்லாம் அந்தத் தண்ணீரில் அடங்கிவிடும். உங்கள் பட்டியலில் பாதி அங்கேயே கரைந்துவிடும் என்று நம்புகிறேன். டாக்டர் உங்களிடம் ‘சுகர்’ குடும்பத்தில் ‘ரன்’ ஆகிறதா என்று கேட்பதும் அதுதான். நாம் ரத்தத்தில் ஓடுகிறது என்கிறோம், அவர்கள் குடும்பத்தில் ஓடுகிறது என்கிறார்கள். இந்த ஊரில் வயிற்றுப்போக்கை ‘ரன்னிங் ஸ்டமக்’ என்பார்கள். இலங்கைத் தமிழரின் வயிற்றோட்டம் அப்படியே ஆங்கில உடை உடுத்தி வந்தது போல இருக்கும்.

இரண்டு மொழியும் சேர்ந்து ஓடும் இடத்தில் உங்களுக்குக் கஷ்டம் இல்லை. எங்கே பிரிகின்றனவோ, அங்கே மட்டும் நின்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பிரிவு கடை. ஆங்கிலத்தில் கடையை ‘ரன்’ செய்கிறார்கள். நாம் கடையை நடத்துகிறோம். அவர்கள் ஓட வைப்பதை நாம் நடக்க வைக்கிறோம். பள்ளி நடத்துகிறோம், கூட்டம் நடத்துகிறோம், பாடம் நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம். ஒரு காரியம் கெடாமல், தடுமாறாமல், அளவான வேகத்தில் போக வேண்டும் என்ற ஆசை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதே குடும்பத்தை ஒருவன் ஓட்டுகிறான் என்று சொல்லிப் பாருங்கள். உடனே வறுமை தெரிகிறது. மாதக் கடைசி தெரிகிறது. ‘ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு விசாரிக்க மாட்டோம். நடத்துவதற்கும் ஓட்டுவதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி ஆங்கிலச் சொல்லில் இல்லை. பெரிய நிறுவனத்தை நிர்வகிப்பவரும் சாலையோரம் பழம் விற்பவரும் அங்கே ஒரே சொல்லால் ‘ரன்’ செய்கிறார்கள். இதை மொழிபெயர்க்கும்போதெல்லாம் நான் சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆனால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இந்த விதியை மீறி நிற்கிறார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளையை நாம் கப்பலோட்டிய தமிழர் என்கிறோம். அவர் கப்பலின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பியவர் அல்லர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்தை நடத்தியவர். அதை மக்கள் ‘ஓட்டிய’ என்று சொன்னார்கள், அந்த ஒரு இடத்தில் நம் சொல் ஆங்கிலச் சொல்லோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. தூத்துக்குடியில் வளர்ந்த உங்களுக்கு இந்தப் பொருள் சின்ன வயதிலேயே தெரியும்.

தேர்தலில் வேறு வேடிக்கை. அமெரிக்கர் தேர்தலில் ஓடுகிறார், பிரிட்டன்காரர் நிற்கிறார். நாமும் நிற்கிறோம். இந்த நாட்டிலும் வார்டு கவுன்சிலர் பதவிக்கு நிற்பதாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள், அமெரிக்கத் தொலைக்காட்சி பார்க்கும் உங்கள் மகன் ஓடுவதாகச் சொன்னால் அதுவும் பிழை இல்லை. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘லோப்’ என்றால் நட. ஓடுவதற்கு ‘ஹார்ட்லோப்’, அதாவது வேகமாக நட. ஜூலுவில் ஓடுவது ‘கிஜிமா’, பயந்து ஓடுவது ‘பலேக்கா’. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கும் மொழிகள் ஒரே செயலை எப்படியெல்லாம் அறுத்துப் பங்கு வைக்கின்றன!

உங்களை கேட் வரை நடக்க வைத்த ‘ரன் அவுட்’ பற்றி. இந்த நாட்டில் அந்தச் சொற்களைக் கேட்டால் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நாள் நினைவுக்கு வரும். 1999 ஜூன் 17, பர்மிங்ஹாம், கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா 213. கடைசி ஓவரின் முதல் இரண்டு பந்துகளையும் டர்பன்காரர் லான்ஸ் குளூஸ்னர் எல்லைக்கு அடித்தார். தென்னாப்பிரிக்காவும் 213. நான்கு பந்துகள், ஒரே ஒரு ரன். நான்காவது பந்தில் குளூஸ்னர் ஓடி வந்தார், எதிர்முனையில் ஆலன் டொனால்ட் தாமதித்து, மட்டையையும் நழுவவிட்டு, பிறகு ஓடினார். ரன் அவுட். ஆட்டம் சமன், முந்தைய சுற்றில் மேலே இருந்த ஆஸ்திரேலியா இறுதிக்குப் போனது. அங்கே ஒருவரை மற்றவர்கள் ஆட்டமிழக்கச் செய்கிறார்கள். கொத்தமல்லி விஷயம் வேறு. ஆன்ட்டி முழு வாக்கியமாகச் சொன்னால், தீர்ந்தது கொத்தமல்லியாக இருந்தாலும் ‘ரன் அவுட்’ ஆனது அவர்தான். கொத்தமல்லி இருந்த எல்லையைத் தாண்டி வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று நான் அதைப் படம் பிடித்துக்கொள்வேன். தமிழில் பொருள்தான் தீரும், மனிதர் தீரமாட்டார். அரிசிப் பானை காலியானால் ‘நிறைந்திருக்கிறது’ என்று சொல்லும் வீடுகள் நம்மிடம் உண்டு.

நேரமும் இப்படித் தீரும். 1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தின் முடிவிடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். டர்பனில் தொடங்கி மலையேறினால் ‘அப் ரன்’, அங்கே தொடங்கி இறங்கினால் ‘டவுன் ரன்’. கெடு பன்னிரண்டு மணி நேரம். அது நெருங்கும்போது ஒருவர் ஓடிவருபவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நிற்பார். யார் முகத்தையும் பார்த்து மனம் இளகிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. வெடிச் சத்தம் கேட்ட பிறகு கோட்டைத் தொட்டவருக்குப் பதக்கம் இல்லை, ஓர் அடி தள்ளி இருந்தாலும் இல்லை. விடியற்காலையிலிருந்து ஓடியவர் கோட்டுக்கு முன்னால் முழங்கால் மடிந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அவர் ‘ரன்’ செய்தார், நேரம் ‘ரன் அவுட்’ ஆயிற்று. இரண்டும் எப்படி ஒரே சொல்லின் பிள்ளைகள் என்று அன்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘ரன் இன்டு’ என்றால் பயப்படாதீர்கள். ஆள் ஆளை அப்படிச் செய்தால் தற்செயலான சந்திப்பு. கார் அப்படிச் செய்தால் மட்டும் விபத்து. ‘ரன் ஓவர்’ என்று சொன்னால்தான் உண்மையிலேயே கேட்டுக்கு ஓட வேண்டும்.

கடைசிக் கேள்வி. கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ உதவாது. உறைந்துபோனேன் என்று அவர்கள் சொல்வது அச்சத்துக்குப் பொருந்தும், மகிழ்ச்சிக்குப் பொருந்தாது. நம் தொடர் இரண்டுக்கும் பொது. கெட்ட செய்தி வந்தாலும் ஓடாது, பத்து வருஷம் கழித்து மகன் வாசலில் வந்து நின்றாலும் ஓடாது.

உங்கள் கடிதம் வந்த வாரம், நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அந்தத் தொடரைப் பலகையில் எழுதத் தொடங்கினேன். என் மாணவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். 1860-இல் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கிய கப்பல்களின் வழிவந்தவர்கள், தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுபவர்கள். ‘கை ஓடவில்லை’ என்று எழுதி வாய்விட்டுப் படித்தேன். நான் திரும்புவதற்குள் பின்வரிசையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா ‘கால் ஓடவில்லை’ என்று முடித்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எங்கே கேட்டீர்கள் என்றேன். முதல் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அவருடைய ஆயா, அதாவது பாட்டி, வாசலில் நின்று இதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். நான்கு சொற்களையும் ஒரே சொல்லாக அவர் இத்தனை ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தார்.

பொருளைச் சொன்னேன். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில், “என்னைத் திட்டுகிறாள் என்றே நினைத்திருந்தேன்” என்றார். பேனாவை எடுத்து, ‘ஓ’ எழுத்தை எங்கே தொடங்கிச் சுழிக்க வேண்டும் என்று கேட்டார்.